பர்னார்டு விண்மீனும் நம் அவசரச் சான்றுகளும்

 

சூரியனுக்கு அப்பால் புதிய கோள் ஒன்று கண்டறியப்பட்டதாகச் செய்தி வெளியாகும்போதெல்லாம் நம் சமுதாயத்தில் ஒரு வழக்கம் தவறாமல் நிகழ்கிறது. அன்று இரவுக்குள் அச்செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிடும். அதனுடன் ஓர் இறைவசனத்தின் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் விஞ்ஞானிகள் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள் என்னும் முடிவுரையும், அதிகம் பகிருங்கள் என்னும் வேண்டுகோளும் கீழே காணப்படும். படித்தவர் "சுப்ஹானல்லாஹ்" என்று எழுதிவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார். செய்தி உண்மையா, அறிவித்தவர் யார், எவ்வாறு அளந்தார் என்பனவற்றை எவரும் கேட்பதில்லை.

இவ்வழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் இது கைவிடப்பட வேண்டிய வழக்கம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சான்றாக ஒரே ஒரு விண்மீனின் நூறாண்டு வரலாற்றை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அருகில் இருந்தும் கண்ணுக்குப் புலப்படாதது

அவ்விண்மீனின் பெயர் பர்னார்டு விண்மீன். அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் எமர்சன் பர்னார்டு என்னும் வானியலாளர் 1916-ஆம் ஆண்டு இதன் வேகமான நகர்வை அளந்து அறிவித்தார். தந்தையை இழந்த வறிய குடும்பத்தில் பிறந்து, ஒன்பது வயதிலேயே ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, தம் உழைப்பாலும் கூரிய பார்வையாலும் உலகப் புகழ் பெற்றவர் அவர். வியாழன் கோளின் ஐந்தாவது துணைக்கோளை 1892-ல் கண்டறிந்தவரும் அவரே.

பர்னார்டு விண்மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதாவது, சுமார் 56 இலட்சம் கோடி கிலோமீட்டர். இது நமக்குப் பெருந்தொலைவு. ஆனால் வானியல் கணக்கில் பக்கத்து வீடு. மூன்று விண்மீன்கள் அடங்கிய ஆல்ஃபா சென்டாரி தொகுதியை விட்டால், நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் இதுவே. ஆயினும் வெறுங்கண்ணால் இதனைக் காண இயலாது. ஏனெனில் இது செங்குறுமீன் என்னும் வகையைச் சேர்ந்தது. இதன் நிறை சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்கு அளவே. ஒளியோ சூரியனின் ஒளியில் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்குதான். நம் பால்வெளி மண்டலத்து விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இத்தகைய செங்குறுமீன்களே. அவற்றுள் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. தம் எரிபொருளை மிகச் சிக்கனமாகச் செலவிடுவதால் அவை பல இலட்சம் கோடி ஆண்டுகள் எரியக்கூடியவை.

இந்த விண்மீன் வேறொரு வகையிலும் தனித்தன்மை உடையது. பிற எல்லா விண்மீன்களையும்விட வேகமாக இது நம் வானில் இடம்பெயர்கிறது. முழுநிலவின் அகலத்தைக் கடக்க இதற்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் போதும். மற்ற விண்மீன்களோடு ஒப்பிட்டால் இது ஓட்டம் என்றே சொல்ல வேண்டும். மேலும், விநாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் இது நம்மை நெருங்கியும் வருகிறது. இன்னும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளில் நான்கு ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவுக்கு வந்து, பின்னர் விலகிச் சென்றுவிடும்.

இவ்வளவு அருகில் உள்ள, இவ்வளவு எளிய விண்மீனுக்குக் கோள் உண்டா என்னும் ஒரு வினாவுக்கு விடை காண்பதற்கு மனிதருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே நாம் கவனிக்க வேண்டிய வரலாறு.

முதல் அறிவிப்பு: 1963

நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் வான் டி காம்ப், பென்சில்வேனியா மாநிலத்து சுவார்த்மோர் கல்லூரியின் ஸ்புரூல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார். 1938 முதல் பர்னார்டு விண்மீனைத் தொடர்ந்து புகைப்படத் தட்டுகளில் பதிவு செய்துவந்தார். ஒரு விண்மீனைக் கோள் சுற்றிவந்தால், அக்கோளின் ஈர்ப்பு விண்மீனையும் சற்றே அசைக்கும். விண்மீனின் பாதையில் அந்த மெல்லிய தள்ளாட்டம் தெரிகிறதா என்று பார்ப்பதே அவருடைய முறை. கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பின் 1963-ல், வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அவ்விண்மீனை 24 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதாக அவர் அறிவித்தார். பின்னர், ஒன்றல்ல, இரண்டு கோள்களாகவும் இருக்கலாம் என்றார்.

உலகம் அதை ஏற்றுக்கொண்டது. பாடநூல்களில் அக்கோள் இடம்பெற்றது. பிரிட்டிஷ் கோளிடைப் பயணக் கழகம் 1970-களில் டெடலஸ் என்னும் பெயரில் ஆளில்லா விண்கலம் ஒன்றைத் தாளில் வடிவமைத்தபோது, அது செல்ல வேண்டிய இடமாகப் பர்னார்டு விண்மீனையே தேர்ந்தெடுத்தது.

ஆனால் வான் டி காம்ப் கண்ட அசைவு, புகைப்படத் தட்டில் ஒரு மில்லிமீட்டரின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. 1973-ல் ஜார்ஜ் கேட்வுட், ஹைன்ரிக் ஐக்ஹார்ன் என்னும் இருவர், வேறு வானாய்வகங்களில் வேறு தொலைநோக்கிகளால் எடுக்கப்பட்ட தட்டுகளை ஆராய்ந்தனர். அவற்றில் அந்த அசைவு காணப்படவில்லை. அதே ஆண்டில் ஸ்புரூல் வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஹெர்ஷி மற்றொன்றைக் கண்டறிந்தார். பர்னார்டு விண்மீன் எந்த ஆண்டுகளில் அசைந்ததோ, அதே ஆண்டுகளில் அத்தொலைநோக்கியால் பார்க்கப்பட்ட பிற விண்மீன்களும் அசைந்திருந்தன! 1949-ல் தொலைநோக்கி ஆடியின் சட்டம் மாற்றப்பட்டிருந்தது. 1957-ல் ஆடி மீண்டும் சரிசெய்யப்பட்டிருந்தது. விண்மீன் அசையவில்லை. அசைந்தது தொலைநோக்கி.

வான் டி காம்ப் இதை ஏற்கவில்லை. 1995-ல் இறக்கும்வரை தம் கோள்கள் உண்மை என்றே நம்பினார்.

இரண்டாம் அறிவிப்பு: 2018

பழங்காலக் கருவிகளின் குறை அது, இன்று அவ்வாறு நிகழாது என்று எண்ணுவோர் அடுத்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். 2018 நவம்பரில், பல நாட்டு அறிஞர்கள் அடங்கிய குழு ஒன்று பர்னார்டு விண்மீனுக்குக் கோள் இருப்பதாக 'நேச்சர்' இதழில் அறிவித்தது. பூமியைப்போல் மும்மடங்குக்குச் சற்று மிகுந்த நிறை. 233 நாள்களுக்கு ஒரு சுற்று. இதற்கு ஆதாரமாக ஏழு கருவிகள், இருபது ஆண்டுகள், எழுநூறுக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருந்தன. 99 விழுக்காட்டுக்கும் மேலான உறுதியுடன் இருப்பதாக அக்குழுவின் தலைவர் கூறினார்.

2021-ல் மற்றொரு குழு அத்தரவுகளையும் புதிய அளவீடுகளையும் சேர்த்து ஆராய்ந்தது. பர்னார்டு விண்மீன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள ஏறத்தாழ 145 நாள்கள் ஆகின்றன. அதன் மேற்பரப்பிலுள்ள கரும்புள்ளிகள் போன்றவையும் அதனுடன் சுழல்கின்றன. அச்சுழற்சியின் தடமும், ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே அதனைப் பார்க்க முடிகிற நம் நிலையும் ஒன்றுசேர்ந்து, 233 நாள் சுற்று ஒன்று இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டன என்பது அவர்களுடைய முடிவு. அக்கோளும் ஏட்டிலிருந்து மறைந்தது.

இன்று நாம் அறிந்தவை

2024 அக்டோபரில் மூன்றாம் அறிவிப்பு வந்தது. சிலி நாட்டின் பரனால் மலைமீதுள்ள மாபெரும் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட எஸ்பிரெஸ்ஸோ என்னும் கருவியைக் கொண்டு ஸ்பெயின் நாட்டு அறிஞர் கொன்சாலஸ் எர்னாண்டஸ் தலைமையிலான குழு இதனைக் கண்டறிந்தது. விண்மீன் நம்மை நோக்கி அசையும்போது அதன் ஒளி சற்றே நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகரும். அந்த நகர்வை அளப்பதே இக்கருவியின் வேலை. அது கண்ட அசைவின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 55 செண்டிமீட்டர். ஒரு குழந்தை நடைபழகும் வேகம் அது! 56 இலட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பால், எரியும் வாயுக் கோளம் ஒன்று குழந்தையின் நடைவேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை மனிதர் அளந்திருக்கிறார்கள்.

இக்கோள் 3.15 நாள்களில் தன் விண்மீனைச் சுற்றிவிடுகிறது. அதன் நிறை பூமியின் நிறையில் பாதிக்கும் குறைவு. விண்மீனிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 34 இலட்சம் கிலோமீட்டர் மட்டுமே. சூரியனுக்கும் புதன் கோளுக்கும் இடையிலான தொலைவில் பதினேழில் ஒரு பங்கு அளவுதான். எனவே அதன் மேற்பரப்பு வெப்பநிலை 125 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் என மதிப்பிடப்படுகிறது.

அக்குழு அத்தோடு நிறுத்தவில்லை. மேலும் மூன்று கோள்களுக்கான அறிகுறிகள் உள்ளன, ஆனால் உறுதி செய்யப்பட வேண்டும் என்று தனியே குறிப்பிட்டது. 2025 மார்ச்சில், ஹவாய் தீவின் ஜெமினி தொலைநோக்கியில் மரூன்-எக்ஸ் என்னும் வேறொரு கருவியைப் பயன்படுத்திய வேறொரு குழு, நான்கு கோள்களும் இருப்பதை உறுதிப்படுத்தியது. நான்கும் பூமியைவிடச் சிறியவை. பூமியின் நிறையில் 19 முதல் 34 விழுக்காடு வரை கொண்டவை. நான்கும் ஏழு நாள்களுக்குள் தம் சுற்றை முடித்துவிடுபவை. நான்குமே நீர் திரவமாக நிலைக்க இயலாத அளவு வெப்பமானவை.

1963-ன் பெருங்கோள் இல்லை. 2018-ன் கோளும் இல்லை. இருப்பவை, அவ்விருவரும் எதிர்பாராத நான்கு சிறு கோள்கள்.

நேர்மை வேறு, துல்லியம் வேறு

இவ்வரலாற்றைப் படிக்கும் ஒரு முஸ்லிமுக்கு ஹதீஸ் கலை நினைவுக்கு வர வேண்டும்.

நம் முஹத்திஸீன்கள் ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகுதிகளைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மையும் ஒழுக்கமும். மற்றொன்று ளப்த், அதாவது கேட்டதைக் கேட்டபடியே காத்து வைத்திருக்கும் துல்லியம். தொழுகையிலும் பேணுதலிலும் சிறந்த பெரியவர் ஒருவர், நினைவாற்றல் குன்றியவராக இருந்தால், அவருடைய தக்வாவை மதித்துக்கொண்டே அவருடைய அறிவிப்பை அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். எகிப்தின் காழியாக விளங்கிய இப்னு லஹீஆ அவர்களின் விஷயத்தில், அவரிடம் தடுமாற்றம் ஏற்படுவதற்கு முன் கேட்டவர்களின் அறிவிப்பு எது, பின் கேட்டவர்களின் அறிவிப்பு எது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓர் அறிவிப்பு வேறு தொடர்களின் வழியாகவும் வந்திருக்கிறதா என்று தேடினார்கள்.

வான் டி காம்ப் பொய் சொன்னவர் அல்லர். அவருடைய நேர்மையை எவரும் குறைகூறவில்லை. குறை அவருடைய கருவியின் ளப்தில் இருந்தது. 1949-க்கு முன் எடுத்த தட்டு எது, பின் எடுத்தது எது என்று ஹெர்ஷி பிரித்துப் பார்த்ததும், வேறு தொலைநோக்கியின் வழியே அதே செய்தி வருகிறதா என்று கேட்வுட் தேடியதும், நம் முன்னோர் கையாண்ட அதே ஒழுங்கின் வேறு வடிவங்களே.

செய்தி ஒன்று வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்னும் கட்டளையை ஹுஜுராத் அத்தியாயத்தின் வழியாக அறிந்திருக்கும் சமுதாயம் நாம். இலட்சக்கணக்கான அறிவிப்புகளைச் சல்லடையிட்டுப் பிரித்த இமாம்களின் வாரிசுகள் நாம். அப்படிப்பட்ட நாம், 'விஞ்ஞானிகள் வியப்பு' என்று தொடங்கும் பெயரற்ற குறுஞ்செய்தியை, அதுவும் இறைவேதத்தின் பெயரைச் சேர்த்து, ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய முரண்!

தமக்குச் சாதகமான செய்தியை மறுத்த தூதர்

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் (ரலி) குழந்தைப் பருவத்திலேயே வஃபாத்தானார்கள். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் ஒளி இழந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள். தம் தூதுத்துவத்திற்கு வானமே சாட்சி சொல்வதாக மக்கள் தாமாகவே நம்பத் தொடங்கியிருந்த நேரம் அது. மௌனமாக இருந்தாலே போதும். அந்நம்பிக்கை அரேபியா முழுதும் பரவியிருக்கும். ஆனால் மகனை அடக்கம் செய்த துயரத்திலும் நபியவர்கள் அதை வெளிப்படையாக மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கினார்கள். கிரகணத்தைக் கண்டால் தொழுகையிலும் துஆவிலும் ஈடுபடும்படி ஏவினார்கள்.

இந்நிகழ்வை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். இதன் பொருளை நம் கைபேசிக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. தவறான சான்று தமக்கே சாதகமாக இருந்தபோதும் அதை ஏற்க மறுத்தவர் நம் தலைவர். அவருடைய மார்க்கத்துக்குச் சாதகம் என்று எண்ணி, சரிபார்க்காத சான்றுகளை நாம் அடுக்கிக்கொண்டிருப்பது எவ்வாறு அவருடைய வழியாகும்?

அதே நிகழ்வில் மற்றொரு பாடமும் உண்டு. அத்தாட்சி என்பது வேறு, ஆதாரம் என்பது வேறு. வானம் அத்தாட்சி. அதைக் கண்டு உள்ளம் பணிய வேண்டும். ஆனால் வானில் நிகழும் ஒவ்வொன்றையும் நம் வாதத்துக்கு ஆதாரமாக வளைப்பது அத்தாட்சியை மதிப்பதாகாது.

பணயமாக வைக்கப்படுவது எது?

இதனால் என்ன தீங்கு, நல்ல செய்திதானே என்று சிலர் கேட்கலாம். தீங்கு பெரியவர்களுக்கு அல்ல; பிள்ளைகளுக்கு.

பத்து வயதில் ஒரு பிள்ளை, இன்ன விண்மீனின் இன்ன கோள் இன்ன வசனத்தில் கூறப்பட்டிருக்கிறது என்று வீட்டில் கேட்கிறது. அது அப்பிள்ளையின் மனத்தில் ஈமானின் ஒரு தூணாகவே பதிந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குச் சென்று இயற்பியல் படிக்கும்போது, அக்கோள் இல்லவே இல்லை என்று முடிவாகிவிட்டதை அறிந்துகொள்கிறது. அப்போது விழுவது கோள் பற்றிய செய்தி மட்டுமா? அதைச் சொன்ன தந்தையின் சொல் விழுகிறது. அதை மேடையில் முழங்கியவரின் மதிப்பு விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் குற்றமும் செய்யாத இறைவசனத்தின் மீது ஐயத்தின் நிழல் விழுகிறது. வசனம் அக்கோளைப் பற்றிப் பேசவே இல்லை. நாம்தான் பேச வைத்தோம். ஆனால் பதினெட்டு வயதில் அந்த வேறுபாட்டைப் பிரித்தறிவது எல்லாருக்கும் எளிதன்று.

2018-ன் கோளை வசனத்தோடு இணைத்த ஒருவர், 2021-ல் என்ன செய்வார்? 2024-ல் வேறு கோள் வந்ததும் அதே வசனத்தை அதற்கு மாற்றி ஒட்டுவாரா? மாறாத ஒன்றை மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்டால், இழுபடுவது மாறாததுதான். நம் ஈமான் தொலைநோக்கி ஆடியின் சட்டத்தில் தொங்கலாகாது.

எழக்கூடிய இரு கேள்விகள்

அப்படியானால் அறிவியலை நம்பவே கூடாதா என்று ஒரு கேள்வி எழலாம். அவ்வாறு முடிவு செய்வது இவ்வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். தவறு நேர்ந்தது உண்மை. ஆனால் அத்தவறைக் கண்டறிந்தவர்கள் வெளியாட்கள் அல்லர், அதே துறையினர். ஹெர்ஷி, வான் டி காம்பின் வானாய்வகத்திலேயே பணியாற்றியவர். தம் இல்லத்தின் குறையைத் தாமே எடுத்துச் சொல்லத் துணியும் ஒரு துறையைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை இல்லை. அவ்வாறு சொல்லும் துணிவை நம் ஜமாஅத்துகளிலும் அமைப்புகளிலும் வளர்த்தால் நலம் பயக்கும்.

வானத்தைச் சிந்தித்துப் பார்ப்பது வணக்கம் அல்லவா, அதைத் தடுக்கலாமா என்பது இரண்டாம் கேள்வி. சிந்திப்பதை எவரும் தடுக்கவில்லை. சிந்தனைக்கு மாற்றாகப் பகிர்தலை வைத்துவிட்டோம் என்பதே குறை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தாலமியின் விண்மீன் பட்டியலை அப்படியே படியெடுத்துவிட்டு நிறைவடையவில்லை. விண்மீன்களின் ஒளியளவைத் தம் கண்ணால் பார்த்து மதிப்பிட்டு, 964-ஆம் ஆண்டளவில் நிலை விண்மீன்கள் பற்றிய தம் நூலை எழுதினார். இன்று ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் என அறியப்படுவதை ஒரு சிறு மேகம்போல அந்நூலில் குறித்துவைத்தார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தாலமியின் கருத்துகளின் மீது தம் ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். அவர்களும் இறைவசனங்களை ஓதியவர்களே. அந்த ஓதுதல் அவர்களை அளப்பதற்கும் ஐயுறுவதற்கும் தூண்டியது. நம்மையோ, பிறர் அளந்து முடித்த பின் உரிமை கொண்டாடத் தூண்டுகிறது. எது உண்மையான சிந்தனை என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

நம் இல்லங்களில் செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு குடும்பமும் எளிதாகச் செய்யக்கூடிய சிலவற்றையும் குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாவது, விண்வெளிச் செய்தி எதுவாயினும் பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம். அறிவித்தவர் யார்? எதைக் கொண்டு அளந்தார்? வேறு எவரேனும் வேறு கருவியால் உறுதி செய்தாரா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையெனில், அது இன்னும் ஒற்றை அறிவிப்புதான். காத்திருப்பதில் நமக்கு இழப்பு எதுவுமில்லை.

இரண்டாவது, ஒரு செய்தியுடன் இறைவசனம் இணைக்கப்பட்டிருந்தால், அவ்வசனத்துக்கு முஃபஸ்ஸிர்கள் கொடுத்த விளக்கம் என்ன என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டறிவோம். அதன் முன்னும் பின்னும் உள்ள வசனங்களையாவது படிப்போம்.

மூன்றாவது, முன்பு பகிர்ந்த செய்தி தவறெனத் தெரியவந்தால், பகிர்ந்த அதே குழுவிலேயே திருத்தத்தையும் அனுப்பும் பழக்கத்தைக் குடும்பத்தின் மூத்தவர்களே தொடங்கி வைக்கட்டும். வாப்பாவோ பாட்டனாரோ "நான் அனுப்பியது சரியன்று" என்று எழுதினால், அது பிள்ளைகளுக்கு நூறு சொற்பொழிவுகளைவிட மேலான பாடமாக அமையும்.

நான்காவது, பிள்ளைகளை வானத்துக்கு அழைத்துச் செல்வோம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இஷாத் தொழுகைக்குப் பின் மேகமற்ற இரவில் மொட்டைமாடிக்குச் சென்றால், பாம்பைப் பிடித்திருக்கும் மனிதனாக வரையப்படும் விண்மீன் குழு நம் தலைக்கு மேலே இருக்கும். அதன் மிகப் பொலிவான விண்மீனை உலகம் இன்றும் ரஸல்ஹேக் என்று அழைக்கிறது. ரஃஸுல் ஹவ்வா, அதாவது பாம்பாட்டியின் தலை என்னும் அரபுச் சொல்லே அது. அதற்குச் சற்றுத் தெற்கே செபல்ராய். கல்புர் ராஈ, அதாவது இடையனின் நாய். அந்த இடையனின் நாய்க்குப் பக்கத்தில்தான் பர்னார்டு விண்மீன் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறு தொலைநோக்கி இருந்தால் அதனைக் காணலாம். இன்று காணும் அதன் ஒளி, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. இன்று படமெடுத்து, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் படமெடுத்தால் அது நகர்ந்திருப்பதைப் பிள்ளைகள் தாமே அளந்து அறியலாம். தன் கையால் அளந்த ஒன்றைக் கண்டு "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லும் பிள்ளையின் சொல்லுக்குக் கனம் அதிகம்.

அந்த விண்மீன்களுக்கு அரபுப் பெயர்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம், நம் முன்னோர் இரவெல்லாம் விழித்திருந்து அவற்றைப் பார்த்ததே. பிறர் பார்த்ததைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டதன்று. அடுத்த கோளை அறிவிக்கும் குழுவில் நம் வீட்டுப் பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவோம். அதைவிட முக்கியமாக, அவ்வறிவிப்பில் தவறு இருந்தால் அதைக் கண்டறிந்து அஞ்சாமல் சொல்பவராகவும் அப்பிள்ளை வளர வேண்டும் என்று துஆ செய்வோம்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அறியாததைப் பற்றிப் பேசாதிருக்கும் பணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.